உள்பக்கத் தையல்

மே 28, புதன்

இது என் நோட்டு இல்லை என்பதை முதலிலேயே பதிவு செய்கிறேன். என் தங்கை பூங்கொடி கொண்டுவந்து கட்டிங் மேசைமேல் போட்டுவிட்டுப் போனது. அவள் மகள் நித்திலாவுக்கு ஏழு வயது. ஆட்டிசம் என்று கோயமுத்தூர் டாக்டர் எழுதிக்கொடுத்து இரண்டு வருஷமாகிறது. சனிக்கிழமைதோறும் தெரபி சென்டர் ஒன்றுக்குக் கூட்டிப்போகிறாள். அங்கே ஹெப்சிபா என்று ஒரு பெண். வயது இருபத்தேழு இருக்கலாம். குழந்தைகளை ஊஞ்சலாட்டுவதற்கும் உருட்டி விளையாடுவதற்கும் பட்டம் வாங்கியிருக்கிறாளாம். நல்ல படிப்பு.

"அண்ணா, எனக்கு மில்லுல ஷிப்ட் மாறிப்போச்சு. பாப்பா பள்ளிக்கொடம் விட்டா நேரா உன்ற கடைக்குத்தான் வருவா. எப்பக் கத்தறா, அதுக்கு முன்னாடி என்ன நடந்துச்சு, பின்னாடி எதுல அடங்குனா, எல்லாம் எழுதி வெக்கோணுமாம். வாராவாரம் அந்த மேடம் படிப்பாங்க."

"படிக்கட்டும். நாலு விஷயம் தெரிஞ்சுக்குவாங்க" என்றேன்.

படிக்கிறவர் என்னைப் பற்றித் தெரிந்துகொள்வது நல்லது. நாச்சிமுத்து. உடுமலைப்பேட்டை நாச்சி டெய்லர்ஸ் உரிமையாளர். எட்டாம் வகுப்பில் கணக்கு வாத்தியாருக்கும் எனக்கும் கருத்து வேறுபாடு வந்ததால் பள்ளிக்கூடத்தை நான் நிறுத்திவிட்டேன். ஒரு மந்திரிக்கு டேப்பே வைக்காமல், மேடையில் அவர் பேசும்போது கூட்டத்தில் நின்று ஒரு பார்வை பார்த்தே சபாரி தைத்துக் கொடுத்திருக்கிறேன். இந்தக் கண்ணுக்கு நித்திலாவிடம் ஒரு குறையும் தெரியவில்லை. தலையில் தண்ணீர் விழுந்தால் கத்துகிறாள். மிக்ஸி ஓடினால் காதைப் பொத்திக்கொண்டு மூலைக்கு ஓடுகிறாள். பழைய மஞ்சள் பனியன் ஒன்றைத் தவிர எதை மாட்டினாலும் பிய்த்து எறிகிறாள். இதற்கு எங்கள் ஊரில் செல்லம் என்று பேர். மருந்தும் உண்டு, ஆனால் பூங்கொடி என்னை அடிக்க விடமாட்டாள்.

ஜூன் 2, திங்கள்

பள்ளி திறந்தது. செங்கதிர் மெட்ரிகுலேஷனுக்கு மொத்த யூனிஃபார்மும் நம்முடையதுதான். ஆயிரத்து இருநூறு பிள்ளைகள். (காஜா எடுக்கும் ரங்காக்கா பக்கத்திலிருந்து "அறநூறு" என்கிறாள். அவள் வேலை பட்டன் கட்டுவது. வாயைத் தவிர எல்லாவற்றையும் கட்டுவாள்.)

நித்திலாவின் உடுப்பை மட்டும் என் கையாலேயே தைத்தேன். போன வருஷம் வரை அவள் வகுப்புக்கு யூனிஃபார்ம் கிடையாது, இதுதான் முதல் உடுப்பு. கட்டம் போட்ட சட்டை, நீல ஸ்கர்ட். வளருகிற பிள்ளை என்று இரண்டு பக்கமும் இரண்டு இஞ்ச் துணி உள்ளே விட்டு, கீழே மூன்று மடிப்பு வைத்து, மூன்று வருஷம் பிரித்துப் பிரித்துப் போடும்படி தைத்திருந்தேன். மொடமொடவென்று கஞ்சி. தரையில் வைத்தால் உள்ளே ஆள் இல்லாமலே நிற்கும்.

ஒன்பது இருபதுக்குப் பள்ளியிலிருந்து போன். பிரேயரில் எல்லோரும் கண்ணை மூடியிருந்த நேரம் நித்திலா இரண்டையும் கழற்றிவிட்டு, உள்ளே போட்டிருந்த மஞ்சள் பனியனும் அரை டிராயருமாக நின்றிருக்கிறாள். கழற்றியதை மடித்துக் காலடியில் வைத்திருந்தாளாம். மடிப்பு கோடு போட்டதுபோல் இருந்தது என்று போன் செய்த ஆயாவே சொன்னாள். அந்த விஷயத்தில் மட்டும் என் ரத்தம்.

முன்னாடி என்ன நடந்தது: கடவுள் வாழ்த்து.
பின்னாடி: என் மானம் போனது.

ஜூன் 3, செவ்வாய்

பிரின்சிபால் அம்மாளைப் பார்க்கப் பூங்கொடியோடு போனேன். ஏசி அறை, மேசைமேல் பிளாஸ்டிக் ரோஜா, அதற்குக் கீழே ஒரு தட்டு. பிளாஸ்டிக் செடிக்கு வடியும் தண்ணீரைப் பிடிக்கத் தட்டு வைக்கிற அறிவாளி.

"நாச்சிமுத்து சார், இது டிசிப்ளின் மேட்டர். மத்த பேரண்ட்ஸ் கேக்கறாங்க. இந்த மாசம் முப்பது வரைக்கும் டைம் தர்றேன். அன்னிக்கு ஃபுல் யூனிஃபார்மோட சாயங்காலம் வரைக்கும் இருக்கோணும். இல்லீன்னா டிசியை வாங்கிட்டு வேற இடம் பாத்துக்குங்க."

"மேடம், அவ வேணும்னு பண்றதில்லீங்க. டாக்டர் சீட்டு போன வருசமே குடுத்திருக்கறேன்" என்றாள் பூங்கொடி.

"ஃபைல்ல இருக்கும்மா."

ஃபைலில் இருக்கிறதாம். ஃபைலுக்குத்தான் ஆட்டிசம் போல.

வெளியே வந்து வண்டியைக்கூட எடுக்காமல் பூங்கொடி நின்றாள். ஊரில் இரண்டு பள்ளிக்கூடம் ஏற்கனவே இடமில்லை என்று சொன்னவைதான். இங்கேதான் நித்திலா எழுத்துக்கூட்டிப் படிக்கிறாள். காலையில் ஏழரைக்கே பையை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கிற பிள்ளை. "அண்ணா, படிக்கப் புடிக்குது அவளுக்கு. துணிதான் புடிக்கல. அதுக்காகப் படிப்பைப் புடுங்குவாங்களா?" என்றாள்.

"நான் இருக்கறன்ல. ஒரே நாளு" என்றேன்.

ஜூன் 6, வெள்ளி

ஒரே நாள் என்றது கொஞ்சம் நீண்டு மூன்று நாளானது. கஞ்சியை விட்டுவிட்டேன். மகாராணி உடுத்துகிற மாதிரி வழுவழுப்பாக சாட்டின் லைனிங், காற்றோட்டமாக இன்னும் இரண்டு இஞ்ச் லூஸ். எங்கேயும் பிடிக்காது, எங்கேயும் இறுக்காது. தொட்டிலில் ஆடுகிற மாதிரி உடம்பில் ஆடும். இதற்குமேல் ஒரு டெய்லரிடம் கடவுளே கேட்க முடியாது.

சாயங்காலம் கடையில் போட்டுப் பார்த்தோம். கழுத்து கொஞ்சம் சிவந்தது. கொசு.

என் கையிலும் சின்னக் காயம். மெஷின் ஊசி ஏறிவிட்டது.

ஜூன் 7, சனி

நோட்டு சென்டருக்குப் போய்த் திரும்பியது. ஹெப்சிபா சிவப்பு மையில் எழுதியிருக்கிறாள்: "நித்திலா மாமா, ஊசிக்கு மேல்வரிசை, கீழ்வரிசை இரண்டும் உண்டா?"

என் பேர் நித்திலா மாமா இல்லை. போர்டில் பெரிதாக எழுதியிருக்கிறது.

ரங்காக்கா போட்டுக்கொடுத்திருக்கிறாள். சரி, எழுதித் தொலைக்கிறேன். வேண்டாம் என்று நித்திலா தள்ளினாள். நான் கையைப் பிடித்து உள்ளே நுழைத்தேன். மூன்று தடவை தள்ளினாள், நான்காவது தடவை கடித்தாள். கடித்த பிறகு கத்தவில்லை. கழுத்தை ரத்தம் வரும்வரை பிராண்டிக்கொண்டு கட்டிங் மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்து, ஒரு மணி நேரம் சுவரில் முதுகை முட்டிக்கொண்டே இருந்தாள்.

பின்னாடி எதில் அடங்கினாள் என்று கேட்கிறீர்களே, தெரியாது. நான் டீ குடிக்கப் போய்விட்டேன். இரண்டு டீ.

ஜூன் 9, திங்கள்

கிரீச்சென்று கத்துகிற கடை ஷட்டருக்கு எண்ணெய் போட்டேன். துரு. வேறு காரணம் எதையும் யாரும் கண்டுபிடிக்க வேண்டாம்.

ஜூன் 11, புதன்

ஹெப்சிபா கடைக்கே வந்துவிட்டாள். முதுகில் பை, காலில் ரப்பர் செருப்பு. இவளா நிபுணி! டீ வாங்கிக் கொடுத்தேன், நம்மிடம் மரியாதைக்குக் குறைவில்லை.

"சட்டையைக் காட்டுங்க மாமா."

காட்டினேன். தையல் நேர்த்தி, கட்டத்துக்குக் கட்டம் பொருந்துகிற அழகு, காலர் முனை எல்லாவற்றையும் விளக்கினேன். கேட்டுக்கொண்டே சட்டையைப் புரட்டி உள்பக்கத்தை வெளியே எடுத்தாள். எனக்கு வேட்டி அவிழ்ந்த மாதிரி இருந்தது.

உலகத்தில் எந்த டெய்லரும் உள்பக்கத்தைக் காட்டமாட்டான். ஓரம் பிசிறாமல் ஓவர்லாக் போட்ட நைலான் நூல், வெட்டாத முனைகள், உள்ளே விட்ட இரண்டு இஞ்ச் துணி, காலருக்குள் விறைப்புக்குக் கேன்வாஸ். சமையலறை மாதிரி. விருந்தாளிக்கு அங்கே என்ன வேலை?

"உள்ள யாரும்மா பாக்கப்போறா?" என்றேன்.

"பாக்கறதுக்கு யாரும் இல்ல. போட்டுட்டு இருக்கறதுக்கு அவ இருக்கா." கட்டைவிரலை அந்த ஓரத்தில் மெல்ல ஓட்டினாள். "இது நமக்குப் போட்டு அஞ்சு நிமிஷத்துல மறந்துடும். அவளுக்கு மறக்காது மாமா. முதல் நிமிஷம் எப்படியோ அப்படியேதான் நாள் பூரா. எது குத்துதுன்னு சொல்லவும் அவளுக்கு வராது. அதனாலதான் கழட்டறா."

"சரி, லூஸா தெச்சனே? சாட்டின் போட்டனே?"

"லூஸா இருந்தா நடக்கறப்ப எல்லாம் வந்து வந்து தொடும். மெல்லிசா தொட்டுட்டுப் போறதுதான் அவளுக்கு ஆகவே ஆகாது. உங்க கழுத்துல ஒரு முடி விழுந்துகிட்டே இருந்தா எப்படி இருக்கும்?"

முப்பது வருஷத் தொழில்காரனுக்கு ரப்பர் செருப்பு பாடம் எடுக்கிறது. ரங்காக்கா வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தாள். ஒரு பட்டனும் நகரவில்லை.

"அந்த மஞ்ச பனியனை மட்டும் எதுக்குப் போடறா, யோசிச்சிருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

டீ வீண்.

ஜூன் 12, வியாழன்

யோசிக்கவில்லை. சும்மா பார்த்தேன். ஐந்து வயதில் எடுத்த பனியன். உடம்போடு ஒட்டிப் பிடித்திருக்கிறது. துவைத்துத் துவைத்துத் தையல் எல்லாம் தேய்ந்து துணியோடு துணியாகிவிட்டது. எந்தப் பட்டதாரியும் சொல்லாமல் நானே கண்டுபிடித்தது. குறித்துக்கொள்ளவும்.

ஜூன் 14, சனி

பார்க்காமல் இருக்க முடியாத ஒன்று. நித்திலா மேசைக்கு அடியில் படுத்துக்கொண்டு, ஸ்கர்ட் துணிச் சுருள் இரண்டை இழுத்துத் தன்மேல் போட்டுக்கொள்கிறாள். ஒவ்வொன்றும் நாலு கிலோ இருக்கும். (எட்டு கிலோ என்று எழுதத்தான் நினைத்தேன்.) மூச்சு முட்டுமோ என்று எடுக்கப் போனேன். ரங்காக்கா தடுத்தாள்.

"உடு சாமி. தலை வெளியதான் இருக்குது. பாரு, கையி காலு ஆட்டமெல்லாம் நின்னு போச்சு."

உண்மைதான். அரை மணி நேரம் கண்ணைத் திறந்தபடி, வயலுக்குத் தண்ணீர் பாய்ந்து முடிந்த மாதிரி கிடந்தாள். நான் இரண்டு மெஷினையும் ஓட்டினேன். அந்தச் சத்தத்துக்குக் காதைப் பொத்தவில்லை. மேசைக் காலில் கன்னத்தை வைத்து அதிர்வைக் கேட்டுக்கொண்டிருந்தாள். மிக்ஸி ஆகாது, மெஷின் ஆகும். ரசனையுள்ள பிள்ளை.

ஜூன் 17, செவ்வாய்

வளரும் துணி விடாமல், உடம்போடு ஒட்டி ஒரு குழந்தைக்குத் தைப்பது என் தொழிலில் பாவம். ஆறு மாதத்தில் பத்தாமல் போகும், தாய்மார்கள் வாசலில் வந்து நின்று மானத்தை வாங்குவார்கள். அந்தப் பாவத்தைச் செய்வதென்று முடிவெடுத்தேன்.

அளவு எடுக்க வேண்டுமே. டேப்பை மெதுவாக, பூவைத் தொடுகிற மாதிரிக் கொண்டுபோனேன். தோள் குலுங்கியது, தட்டிவிட்டாள். இன்னும் மெதுவாகக் கொண்டுபோனேன். இன்னும் வேகமாகத் தட்டிவிட்டாள். அப்புறம் என்னைப் பார்க்காமல், மெஷினைப் பார்த்துச் சொன்னாள்:

"மெதுவா வேண்டாம். அமுக்கு."

அமுக்கினேன். இரண்டு உள்ளங்கையையும் தோளில் வைத்து, இஸ்திரிப் பெட்டியை அழுத்துகிற மாதிரி. நின்றாள். அப்படியே அமுக்கி அமுக்கி மார்பு, இடுப்பு, கை என்று எல்லா அளவும் எடுத்தேன். பதினெட்டு அளவு. பொதுவாக ஏழு போதும்.

முப்பது வருஷமாக என்னிடம் அளவு கொடுத்தவர்களில் எது வேண்டும் என்று ஒரே சொல்லில் சொன்ன வாடிக்கையாளர் இவள் ஒருத்திதான். மற்றவர்கள் "உங்களுக்குத் தெரியாததா" என்று சொல்லிவிட்டு, தைத்த பிறகு சண்டைக்கு வருகிறவர்கள்.

ஜூன் 20, வெள்ளி

செய்முறையை எழுதுகிறேன். நைலான் நூல் கிடையாது, பருத்தி நூல். சட்டைக்கு உள்ளே, உடம்பைப் பிடிக்கிற பனியன் துணி லைனிங். தையல் முழுவதும் வெளிப்பக்கம். பிசிறு ஓரத்தை மடித்து, அந்த மடிப்பையும் மடித்து, அமுக்கி இரட்டைக் கோடாக ஓட்டினேன். உள்ளே தடவினால் வாழையிலை. காலரில் கேன்வாஸ் இல்லை. அளவு எழுதிய லேபிள் இல்லை. ஸ்கர்ட்டுக்கும் இதே முறைதான். கஞ்சிக்குப் பதிலாக ரங்காக்காவை விட்டுப் பன்னிரண்டு தடவை துவைக்கச் சொன்னேன். "புதுத் துணியக் கந்தலாக்கச் சொல்ற மொத டெய்லரு நீதான்" என்று முனகிக்கொண்டே துவைத்தாள்.

மேசைமேல் வைத்துவிட்டு வேறு பக்கம் திரும்பி உட்கார்ந்தேன். மாட்டிவிடவில்லை. அவளே எடுத்தாள். உள்ளே கையை விட்டு, ஒவ்வொரு தையலாக, சுங்கத்துறை அதிகாரி மாதிரித் தடவிப் பார்த்தாள். போட்டாள்.

முக்கால் மணி நேரம் போட்டிருந்தாள். ரங்காக்கா பதினோரு நிமிஷம் என்கிறாள். அவளுக்குக் கடிகாரம் பார்க்கத் தெரியும் என்பதே எனக்கு இன்றைக்குத்தான் தெரியும்.

ஜூன் 21, சனி

சிவப்பு மை: "பதினொன்று போதும். நாளைக்குப் பன்னிரண்டு."

கஞ்சத்தனத்துக்கும் பட்டம் கொடுக்கிறார்கள் போல. நாளைக்கு இருபது.

ஜூன் 22, ஞாயிறு

பன்னிரண்டு.

ஜூன் 26, வியாழன்

நேற்று இரண்டு மணி நேரம் போட்டிருந்தாள். இது ரங்காக்கா கணக்கு, ஆகவே உண்மை. இன்று அந்த உடுப்போடு பிரின்சிபாலிடம் கூட்டிப்போனோம். நாமே காட்டினால் முப்பதாம் தேதி பிரச்சினை இருக்காது என்று பூங்கொடியின் யோசனை.

அந்த அம்மாள் கண்ணாடியை ஏற்றிப் பார்த்தாள். "என்ன சார் இது? தையலெல்லாம் வெளிய இருக்கு. உல்ட்டாவா தெச்சுட்டீங்களா?"

பூங்கொடி ஆரம்பித்தாள். "மேடம், அவ தோலுக்குத் தையல் பட்டா ஆவாதுங்க. அதனால அண்ணன்…"

"ஒருத்தருக்கு ஒரு ரூல் வைக்க முடியாதும்மா. அப்புறம் எதுக்கு யூனிஃபார்ம்னு பேரு? ரெகுலர் மாடல்ல வந்தா இருக்கட்டும். இல்லீன்னா நான் சொன்னதுதான்."

நித்திலா ஜன்னலோரம் நின்று ஏசியின் பேரை எழுத்துக்கூட்டிக்கொண்டிருந்தாள். பூங்கொடி மருத்துவச் சீட்டு ஜெராக்ஸை மறுபடி மேசைமேல் வைத்தாள். உண்மையை வைத்துக்கொண்டு போன வருஷத்திலிருந்து அவள் இந்த அறைக்கு வந்து போய்க்கொண்டிருக்கிறாள். உண்மைக்கு இந்த அறையில் நாற்காலி போடுவதில்லை.

எனக்குச் சிரிப்பு வந்தது.

"உல்ட்டாவுங்களா மேடம்? நல்லாச் சொன்னீங்க போங்க! இதுக்குப் பேரு அவுட்லைன் ஃபினிஷ். ஊட்டில வெள்ளக்காரன் கட்டுன கான்வென்ட்டு ஒண்ணு இருக்குது பாருங்க, மலை உச்சில, அங்க போன வருசத்துல இருந்து இதானுங்க. துபாய் ஸ்கூல்ல எல்லாம் உள்ள தையல் வெச்சா இப்ப வாங்கறதே இல்லீங்க. சாம்பிளுக்காக என்ற மருமவளுக்கு மாட்டியுட்டேன். பொள்ளாச்சி ரோட்டு ஸ்கூல்காரங்க நேத்தே கேட்டுட்டாங்க. நம்ம ஸ்கூலுக்கு மொதல்ல காட்டோணும்னு கூட்டியாந்தேன். வேண்டாம்னா உடுங்க, ரெகுலரே இருக்கட்டும்."

நித்திலாவைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன்.

"இருங்க, இருங்க." அந்த அம்மாள் மேசையைச் சுற்றிக்கொண்டு வந்து, சட்டையைத் தொடாமல் குனிந்து பார்த்தாள். "இப்பப் பாத்தா ஒரு இம்போர்ட்டட் லுக் வருது. பொள்ளாச்சி ரோட்டுக்காரங்களுக்குக் குடுத்துடாதீங்க. செகண்ட் செட்டு எல்லாருக்குமே இப்படிப் போட்டுடலாம். அதுவரைக்கும் பாப்பா சாம்பிளா போட்டுட்டு வரட்டும். நல்ல பிரெசன்டேஷனா இருக்கும்."

கோயமுத்தூர் டாக்டரால் முடியாதது, ரப்பர் செருப்பால் முடியாதது, பெற்றவள் கண்ணீரால் முடியாதது. இல்லாத ஒரு மலை உச்சிப் பள்ளிக்கூடம் இரண்டு நிமிஷத்தில் முடித்துக்கொடுத்தது. சுவரில் அந்த அம்மாளின் பட்டங்கள் மூன்று தொங்குகின்றன. மூன்றையும் உருவி லைனிங்குக்குக்கூட வைக்க முடியாது.

ஆனால் இதுவரை நான் அவிழ்த்துவிட்ட கதைகளில் இது ஒன்றைத்தான் உள்ளே நடுக்கத்தோடு சொன்னேன். மந்திரி கதைக்கு எனக்கு வியர்த்ததே இல்லை.

ஜூன் 28, சனி

ரங்காக்கா: "அறநூறு உருப்படிக்கும் மடிப்புக்குள்ள மடிப்பா? எனக்குக் கணக்கு முடிச்சுக் குடுத்துரு, நான் எங்கயாவது மாடு மேய்க்கறேன்."

சிவப்பு மை: "பொய்க்கு மார்க் இல்லை. தையலுக்கு உண்டு. உண்மையும் அந்த அம்மாவுக்குத் தெரிந்தாக வேண்டும், சட்டமே நம் பக்கம்தான் இருக்கிறது. அடுத்த வாரம் நான் போய்ப் பேசுகிறேன்."

போய்ப் பேசு, தாயே. ஏசிக் காற்றாவது வாங்கிக்கொண்டு வரலாம்.

ஜூன் 30, திங்கள்

காலை 8.40. போய்விட்டாள்.

9.20. பிரேயர் நேரம். போன் கட்டிங் மேசைமேல் இருக்கிறது. அடிக்கவில்லை.

9.50. அடித்தது. லோன் வேண்டுமா என்று ஒரு பெண். அவளுடைய ஏழு தலைமுறையையும் விசாரித்து அனுப்பினேன்.

11.00. ஒரு சட்டைக்கு இரண்டு இடது கை வெட்டிவிட்டேன். கத்திரிக்கோல் சரியில்லை.

12.30. பள்ளிக்கூடத்துக்கு எதிரே இருக்கிற கடையில் வடை நன்றாக இருக்கும் என்று சொல்வார்கள், போனேன். நன்றாக இல்லை. மூன்று தின்றேன். சுவருக்கு மேலே எதுவும் தெரியவில்லை. வாட்ச்மேன் "யாருக்குங்ணா வெயிட்டிங்?" என்றான். அளவு எடுக்க வந்ததாகச் சொன்னேன். "எதுக்கு?" என்றான். "கேட்டுக்கு" என்றேன்.

2.15. பூங்கொடி மில்லிலிருந்து கூப்பிட்டாள். "போன் வந்துச்சாண்ணா?" "இல்ல." "இல்லியா?" "இல்லைங்கறேன்."

4.10. வந்தாள்.

சட்டை உடம்பில் இருந்தது. ஸ்கர்ட் உடம்பில் இருந்தது. முகம் வெளிறி, உதடு காய்ந்து, நாள் பூரா மூட்டை சுமந்த மாதிரி வந்தாள். சும்மா இருந்துவிட்டு வந்த பிள்ளை இல்லை இது. பையை இறக்கினாள். ரங்காக்கா எழுந்தாள், கையைக் காட்டி உட்கார வைத்தேன். பேன்ட் அளவு கொடுக்க வந்த வாத்தியார் ஒருத்தர் பேச வாயைத் திறந்தார், அவரையும்தான்.

வழக்கமாக இந்த இடத்தில்தான் பிய்த்து எறிவது. கை இடுப்புக்குப் போனது. அங்கேயே நின்றது. என்னைப் பார்த்தாள். என்னை என்றால் என் காதுக்குப் பக்கத்தில், அவள் வழக்கப்படி.

"பெல்ட் மோசம்" என்றாள்.

பள்ளிக்கூடத்திலேயே விற்கிற பெல்ட். தடித்த நைலான் பட்டை, உள்பக்கம் தகரக் கொக்கி. கழற்றிப் பார்த்தேன், இடுப்பில் ரயில் தண்டவாளம் மாதிரி சிவப்பாகத் தடம். காலை எட்டு நாற்பதிலிருந்து இதைச் சுமந்திருக்கிறாள். சொல்ல ஓர் ஆள் கிடைக்கிறவரை சுமந்திருக்கிறாள்.

வாத்தியாரை நாளைக்கு வரச் சொல்லிவிட்டேன். பெல்ட்டை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்து மேசைமேல் பரப்பியிருக்கிறேன். பருத்தி நாடா, உள்ளே பனியன் துணி, கொக்கிக்குப் பதில் துணி முடிச்சு. அரை மணி நேர வேலை. நாளைக் காலை ஏழரைக்குள் வேண்டும்.

சிவப்பு மைக்காரி கவனிக்கவும்: அந்த பெல்ட் நான் தைத்தது அல்ல.